பெருக்கை அடக்கிய பிறகே பசை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் காயங்களில் இரத்தப்போக்கை நிறுத்தும் திசுப் பசைகள் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விபத்தில் வயிற்றில் அடிபட்டு வருவோருக்குப் பல ஆண்டுகளாக அறுவை சிகிச்சை செய்துவருபவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பசை, கசிவுக்கு உரியது. பீறிடும் இரத்தத்தை அது நிறுத்தாது.

கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் இரத்தம் வருகிறது. கிழிந்த இடத்தில் தையல் போட்டு முடிச்சை இறுக்கினால், நூல் திசுவையே அறுத்துக்கொண்டு வந்துவிடும். கல்லீரலுக்குள் நுழையும் நாளங்களை விரல்களுக்கிடையே அழுத்திப் பிடிக்கும் முறையைக் கிளாஸ்கோ மருத்துவர் பிரிங்கிள் 1908-இல் எழுதிவைத்தார். இன்றும் இரத்தம் பெருக்கெடுக்கும்போது எங்கள் கை முதலில் போவது அங்கேதான். அதற்கும் அடங்காவிட்டால், கல்லீரலைச் சுற்றி மாப் எனப்படும் தடித்த அறுவை சிகிச்சைத் துணிகளை வைத்து அழுத்தி, நோயாளியின் உடற்சூட்டை மீட்டு, இரத்தம் ஏற்றி, ஓரிரு நாள்கள் கழித்து மறுபடி வயிற்றைத் திறந்து அவற்றை எடுக்கிறோம்.

பசையின் இடம் அதன் பிறகு. இரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜென் ஒரு சிரிஞ்சிலும், அதை உறையவைக்கும் த்ராம்பின் மற்றொன்றிலும் இருக்கும். இரண்டும் முனையில் கலந்து விழுந்த சில விநாடிகளில் இளநீர் வழுக்கையைப் போல வெண்படலம் திரளும். அடியில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் படலம் அப்படியே மிதந்து நழுவிவிடும். துணியால் ஒற்றி ஈரம் குறைத்த பரப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். நிறைய இரத்தம் இழந்து, உடல் குளிர்ந்து, தையல் துளைகளில்கூடக் கசியும் நோயாளிக்கு, தன் உறைபொருளைத் தானே கொண்டுவரும் இந்தப் பசை உண்மையிலேயே பெரிய துணை.

ஆழமான பிளவுக்குள் இதைச் செலுத்துவது வேறு கதை. பசை சிரைக்குள் புகுந்தால் அங்கேயே உறையும். ஆழ்ந்த கல்லீரல் காயத்தில் பசையிட்டபின் உயிர் போன நிகழ்வு 1991-லேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. காற்றழுத்தத்தால் தெளிக்கும்போது முனையை மிக நெருக்கமாகப் பிடித்தால் காற்றும் நாளத்துக்குள் போகும். கட்டுரையில் இவை பற்றி ஒரு வரியும் இல்லை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. சைக்கிள் ஹேண்டில்பார் குத்திக் கல்லீரல் கிழிந்த சிறுவனின் தந்தை, "அந்தப் பசையை வெளியில வாங்கிட்டு வரட்டுமா சார்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சிறுவனின் நாடியும் இரத்த அழுத்தமும் சீராக இருந்தன. அவனுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. படுக்கையில் அசையாமல் வைத்துக் கண்காணித்தோம். அவரிடம் நான் கேட்டது, இரத்தம் கொடுக்க இருவரை அழைத்து வரும்படி மட்டுமே.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர்,
திருநெல்வேலி.