அளவு பெரும்பாலும் ஒன்றுதான், சட்டம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வருகிறவர்களுக்காகச் சென்ற இதழில் வெளியான கட்டுரை பயனுள்ளது. ஆனால், குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொட்டால் நாடு முழுவதும் ஒரே சட்டம் என்று அதில் ஒற்றை வரியில் முடித்திருப்பது சரியல்ல.

அந்த அளவே மாநிலங்கள் எல்லாம் மனமுவந்து ஏற்றதல்ல. அதை ஏற்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்படும் என்று 2000-இல் மத்திய அரசு சட்டம் இயற்றிய பிறகே பல மாநிலங்கள் வழிக்கு வந்தன. டெலவேர் கடைசியாக 2004-இல் ஏற்றது. யூட்டாவோ 2018 டிசம்பர் 30 முதல் வரம்பை 0.05 ஆக்கிவிட்டது. (இந்தியாவில் அது 0.03தான், இங்கு வந்ததும் நம்மவர்கள் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.)

தண்டனைக்கு வந்தால் வேறுபாடு இன்னும் பெரிது. நான் வசிக்கும் நியூ ஜெர்சியில் குடித்து வண்டி ஓட்டுவது கிரிமினல் குற்றமாகக் கருதப்படுவதில்லை, போக்குவரத்து விதிமீறல்தான். ஜூரி கிடையாது, நகராட்சி நீதிமன்ற நீதிபதியே விசாரித்துத் தீர்ப்பளிப்பார். இதைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்கள், முதல் முறையிலேயே 30 நாள் வரை சிறை விதிக்க இடமுண்டு என்பதையும், மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1,000 டாலர் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் அறிவதில்லை. கிரிமினல் குற்றம் அல்ல என்பதாலேயே, பழைய குற்றப் பதிவுகளை அழிக்க வழிசெய்யும் சட்டம் இதற்குப் பொருந்தாமல் போய், பதிவு நிரந்தரமாக நின்றுவிடுவது விந்தை.

ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூயார்க்கில் பிடிபட்டால் அதே 0.08 கிரிமினல் குற்றமாகிறது. வண்டியில் 15 வயதோ அதற்குக் குறைவாகவோ உள்ள பிள்ளை இருந்தால், முதல் முறையே 'ஃபெலனி' எனும் கடுங்குற்ற வகையில் சேரும். விஸ்கான்சினிலோ முதல் முறை பெரும்பாலும் அபராதத்தோடு போகிறது.

போலீஸ் நிறுத்தும்போது மூச்சில் ஆல்கஹாலை அளக்கும் கருவியில் ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்று நண்பர்கள் சொல்லும் யோசனையையும் நம்ப வேண்டாம். சாலையில் வண்டி ஓட்டுவதே பரிசோதனைக்குச் சம்மதம் தந்ததாகும் என்பது மாநிலச் சட்டங்களின் நிலைப்பாடு. நியூ ஜெர்சியில் மறுப்பதே தனிக் குற்றம், உரிமமும் போகும்.

கட்டுரை தொடாமல் விட்டது விசா. குடித்து வண்டி ஓட்டியதற்காகக் கைது நடந்தாலே, வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்யும் நடைமுறையை அமெரிக்க வெளியுறவுத் துறை 2015 முதல் பின்பற்றுகிறது. அதனால் உடனே நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்பதில்லை. ஆனால், அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர், திரும்பிவரப் புதிய விசா கேட்டுச் சென்னைத் துணைத் தூதரகத்தில் நிற்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட வேண்டியிருக்கும். தம் மாநிலத்தில் அது வெறும் போக்குவரத்து விதிமீறல்தான் என்ற வாதம் அங்கே எடுபடாது.

அக்கட்டுரையை மறுபதிப்பு செய்வதாக இருந்தால், அந்த ஒரு வரியைத் திருத்தி, விசா பற்றிய பகுதியையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி