ஒரு தொட்டிக்கு ஒரு கெக்கோ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் சுங்கை சிப்புட் வட்டாரப் பிள்ளைகள் இப்போது கேட்பது முயலோ மீனோ அல்ல, கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி. சில கடைகளில் இரண்டு மூன்று வகைப் பல்லிகளை ஒரே கண்ணாடித் தொட்டியில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் அப்படியே வளர்க்கலாம் என்று பெற்றோர் வாங்கிவருகிறார்கள். கடையில் அவை சில நாள்தான் இருக்கும். வீட்டுக்கு வரும் லெப்பர்ட் கெக்கோ 15 முதல் 20 ஆண்டு வரை வாழக்கூடியது.

வகையை நம் வீட்டு வெக்கைதான் முடிவு செய்ய வேண்டும். கண்ணுக்கு மேல் இமைமுடி வைத்ததுபோல் அழகாக இருக்கும் கிரெஸ்டட் கெக்கோ நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்தது. அழிந்துவிட்டதென்று கருதப்பட்டு 1994-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இனம். அதற்கு ஏற்றது 22 முதல் 26 டிகிரி. தகரக் கூரை வீட்டில் பகல் இரண்டு மணிக்கு என்ன வெக்கை என்று சொல்லத் தேவையில்லை. ஏர்கோன் இல்லாத வீட்டுக்கு அது வேண்டாம். தோட்டப்புறத்தில் இரவில் குரல் கொடுக்கும் தோக்கே என்ற பெரிய கெக்கோவைப் பிடித்து அடைக்கும் ஆசையும் வேண்டாம். கடித்தால் லேசில் விடாது. காட்டுயிர்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் 2019 முதல் இருக்கிறது.

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலத்துக்குரிய லெப்பர்ட்தான் புதியவருக்குச் சரி. வாங்கும்போது வாலைப் பாருங்கள். கழுத்தளவு பருமனாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் கொழுப்புச் சேமிப்பு அங்கேதான். விரல்களில் பழைய தோல் வளையமாக ஒட்டியிருந்தால் இரத்த ஓட்டம் நின்று விரலே உதிரும். தாடை ரப்பர்போல் வளைந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறை. கண் முன்னால் இரை தின்னச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம் இருந்தால் நல்லது. மேலே வலைமூடி, தரையில் டிஷ்யூ அல்லது ஓடு. மணல் வேண்டாம், குட்டி இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். சூட்டுப் பாயைத் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வைத்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 32 டிகிரிக்கு அமையுங்கள். நம் ஊரில் பெரும்பாலான பகலில் பாய் தானாகவே அணைந்திருக்கும். இங்கே திண்டாட்டம் பாய் இல்லாத பக்கத்தைக் குளிர்ச்சியாக வைப்பதில்தான். மேசைமேல் வைக்காமல் சிமெண்டுத் தரையில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். அது ஒளிந்துகொள்ளும் இடங்களில் ஒன்றில் ஈரப் பாசி இருந்தால் தோல் சுலபமாக உரியும்.

இரையாகப் போடும் செங்கெரிக் பூச்சி, கெக்கோவின் இரு கண்களுக்கிடையே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, கால்சியம் பவுடரில் புரட்டிப் போடுங்கள். செம்பனைத் தோட்டத்தில் பிடித்த பூச்சி ஆகாது. மருந்தடித்த இலையைத் தின்ற பூச்சியோடு விஷமும் உள்ளே போகும்.

இனி, வகைகளைக் கலப்பது. வறண்ட நிலத்து லெப்பர்ட்டுக்கும் ஈரக் காட்டுக் கிரெஸ்டட்டுக்கும் ஒரே தொட்டியில் இரண்டு தட்பவெப்பம் தர முடியாது. இரண்டில் ஒன்று மெல்ல நலியும். பெரியது சிறியதைத் தின்னும், இல்லையேல் வாலைக் கடித்துவிடும். லெப்பர்ட்டுக்கு வால் மீண்டும் வளரும், கிரெஸ்டட்டுக்கு வளரவே வளராது. சண்டையில்லாமல் ஒன்றாகப் படுத்திருப்பதை நட்பென்று நம்பாதீர்கள். நல்ல சூடான இடத்தை ஒன்று பிடித்துக்கொள்ள, மற்றது கிடைத்த இடத்தில் ஒண்டுகிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கழிவு வழியே பரவும். வால் குச்சியாக மெலியும், உறுதியான மருந்து கிடையாது. ஒரே வகையிலும் இரண்டு ஆண்களைச் சேர்க்கக் கூடாது.

ஏற்கெனவே கலந்து வாங்கியவர்கள் இன்றிரவே பிரித்துவிடுங்கள். காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி, தண்ணீர்த் தட்டு, டிஷ்யூ, கவிழ்த்த கிண்ணம் போதும். பெட்டிகளுக்கு நடுவே அட்டை வைத்து மறையுங்கள். இடுக்கியும் தட்டும் தனித்தனி. ஒன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். சால்மொனெல்லா என்ற கிருமி பிள்ளைகளுக்கும் தொற்றும்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்