ஜெராக்ஸ் கட்டுகள் எங்கே போகின்றன? நான்கு ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு அரசு அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு என் மேசை அங்கே இருக்காது.

ஒரே மடலை நான்கு பேருக்கும் எழுதக் காரணம் உண்டு. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதற்கெல்லாம் முன்பு இது ஒரே வட ஆற்காடு. எல்லைதான் மாறியது, மனுவோடு கேட்கும் நகல்கள் மாறவில்லை. ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, போன் நம்பர். சாதிச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம் என எதற்குப் போனாலும் இந்தக் கட்டில் பெரும்பகுதி கூடவே போகும். ஆன்லைனில் பதிந்துவிட்டு வந்தாலும் "ஒரு செட் ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஏற்கெனவே கணினியில் இருப்பது மறுபடி காகிதத்தில் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வேலை நடக்காது என்கிற பயம்.

அந்தக் கட்டு அப்புறம் எங்கே போகிறது? போன மழைக்காலத்தில் ஒரு டீக்கடையில் மசால் வடையை ஒரு தாளில் வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஊறிய அந்தத் தாள், விதவை ஓய்வூதியம் கேட்டு ஒரு அம்மா கொடுத்த விண்ணப்பம். போட்டோ பிய்ந்து பசை மட்டும் மிச்சம். கணவர் இறந்த தேதி, வங்கிக் கணக்கு எண், கீழே இடது கைப் பெருவிரல் ரேகை, எல்லாம் பளிச்சென்று இருந்தன. கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கியிருக்கிறார். அந்தக் கடைக்கு அதை எடைக்குப் போட்டவர் யார் என்பதுதான் கேள்வி.

கைரேகைதானே என்று விட்டுவிட முடியாது. பிற மாநிலங்களில் பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகையை ரப்பரில் நகலெடுத்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதியில் கணக்கைத் துடைத்த வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. அந்த முறையில் ஓ.டி.பி. தேவையில்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை இருந்தால் போதும். இந்த மூன்றையும் ஒரே தாளில் வாங்கி வைப்பது நாம்தான். பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்க ஆதார் ஆணையம் வழி கொடுத்திருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் பெண்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பலருக்குப் பதிவில் இருக்கும் போன் நம்பரே பக்கத்து வீட்டுப் பையனுடையது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்றார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் உள்ளே போய்ப் படித்தால் நம் ஊர்ப் பிரச்சினை அதில் பாதிக்குமேல் அகப்படவில்லை. அந்தச் சட்டம் டிஜிட்டல் தரவுக்கு மட்டும். காகிதத்தில் இருப்பதை ஸ்கேன் செய்தால்தான் அதன் எல்லைக்குள் வரும். பீரோ மேல் அடுக்கிய ஜெராக்ஸ் கட்டுக்கு அது பொருந்தாது. வேலை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்ற கடமையிலிருந்து 17(4) பிரிவு அரசுக்கு விலக்குத் தந்திருக்கிறது. மானியம், சான்றிதழ், உரிமம் ஆகியவற்றுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, புதிதாக ஒப்புதல் வாங்காமலே தரவைக் கையாளலாம் என்கிறது 7ஆம் பிரிவு. அபராதத் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். வடைத் தாளில் ரேகை வைத்த அந்த அம்மாவுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அதே சட்டத்தில் குடிமக்களுக்கும் கடமைகள் உண்டு. மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அதை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

டெல்லியைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. சட்டம் விட்ட இடத்தை ஒரு சுற்றறிக்கையால் அடைக்க உங்களால் முடியும் என்பதால் எழுதுகிறேன். அதற்கான பழக்கம் உங்கள் பதிவறையில் காலங்காலமாக இருக்கிறது. கோப்பை முடிக்கும்போது எல்.டிஸ். என்று போட்டால் ஓராண்டு, டி.டிஸ். என்றால் பத்தாண்டு, ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். கணினி வராத காலத்திலேயே எதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று யோசித்து வகுத்த முறை. கோப்புக்குள் போகும் தாளுக்கு அந்த ஒழுங்கு இருக்கிறது. கோப்புக்கே போகாமல் கவுண்டர் அடியிலும் முகாம் மேசையிலும் குவியும் உபரி நகலுக்குத்தான் எந்தக் கணக்கும் இல்லை. அதற்கும் ஒரு கெடு வையுங்கள். கெடு முடிந்தால் எடைக்குப் போடாமல் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டு, போட்ட தேதியைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அதைவிட நல்லது, வாங்காமலே இருப்பது. எண் தேவையென்றால் விண்ணப்பதாரர் கண்முன்னே கணினியில் ஏற்றிவிட்டு அசலைத் திருப்பிக் கொடுக்கலாம். அடையாளம் பார்க்க மட்டும் என்றால், கடைசி நான்கு இலக்கம் தெரியும் மறைத்த ஆதார் போதும். ஆதார் ஆணையமே தன் தளத்தில் தருவது அது. கவுண்டரில் நீட்டினால் "முழு நம்பர் தெரியணும்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஊழியர்மேல் தப்பில்லை. வாங்கலாம் என்று எழுத்தில் உத்தரவு இல்லாமல் அவர் ஏன் தலையைக் கொடுப்பார்?

பிரவுசிங் சென்டர்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்று வாங்கிய ஆதாரும் பான் கார்டும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் ஊர்பேர் தெரியாமல் வரிசையாகக் கிடக்கும். அடுத்து வருபவர் தன் படத்தைத் தேட மற்றவர்களுடைய எல்லாவற்றையும் புரட்டுவார். யாருக்கும் அது விசித்திரமாகப் படுவதே இல்லை. தன் பெயரில் யாரோ குழு லோன் எடுத்திருக்கிறார்கள் என்று புகார் எழுதச் சொல்லி வருபவர்களிடம் "நகலை எங்கே கொடுத்தீர்கள்" என்று கேட்டால், கொடுக்காத இடம் எது என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பயமும் இருக்கிறது. அந்தரங்கம் என்ற பெயரைச் சொல்லிப் பயனாளிகள் பட்டியலையே மூடிவிடுவார்களோ என்று. 2023 சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்திவிட்டது. தனிநபர் தகவல் என்று சொன்னாலே மறுக்கலாம் என்கிற அளவுக்குத் தகவல் கேட்கும் உரிமை சுருங்கியிருக்கிறது. நூறு நாள் வேலையில் வராத ஆளுக்குச் சம்பளம் போனதையும், இறந்தவர் பெயரில் ஓய்வூதியம் ஓடுவதையும் ஊர்க்காரர்கள் கண்டுபிடிப்பது பட்டியலைப் பார்த்துத்தான். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) அந்தத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தைத் தாமாகவே வெளியிடச் சொல்லும் 4ஆம் பிரிவும் இருக்கிறது. ஆகவே பெயர், ஊர், தொகை பலகையில் இருக்கட்டும். போன் நம்பரும் கணக்கு எண்ணும் அங்கே வேண்டாம். ஆதார் எண்ணைப் பொதுவில் ஒட்டக்கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு 2016லேயே சொல்லிவிட்டது. போன் நம்பரோடு ஒட்டிய பட்டியலைப் போட்டோ பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அன்று சாயங்காலமே "பேங்க்ல இருந்து பேசுறோம்" என்று அழைப்பு வருகிறது.

2027 மே வரை காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலிருந்தே தொடங்கலாம். மனு வாங்கும் மேசையில் ஒரு அட்டை வைத்து, எந்த மனுவுக்கு எந்த நகல் தேவை, எதற்குத் தேவையில்லை என்று தமிழில் எழுதிவிடுங்கள். எனக்கு அதில் நட்டம் உண்டு. என் மேசைக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் மெஷினும் என்னுடையதுதான். பரவாயில்லை.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்,
வேலூர் மாவட்டம்.

இணைப்பு: ஏதுமில்லை.