ஆண்டறிக்கை 2024–25: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி பெற்றோர் ஆசிரியர் கழகம், திருப்பூர்

கழகத் தலைவர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களுக்கும், உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும், அரை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். தலைமையாசிரியர் என்ற முறையில் கழகச் செயலாளராக இந்த அறிக்கையை வைக்கிறேன். வகுப்புவாரி எண்ணிக்கையும் மதிப்பெண் விவரமும் உங்கள் கையில் கொடுத்த தாளில் இருக்கின்றன. அவற்றை மறுபடி வாசிக்கப் போவதில்லை. அந்தத் தாளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் யார் படிக்கிறார்கள் என்பது. தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இங்கே படித்த காலம் போய்விட்டது. அவர்களை இப்போது தனியார் பள்ளி வேன் கூட்டிப் போகிறது. இன்று நம்மிடம் இருப்பவர்கள் மூன்று வகை. இந்த ஊர்க் கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள். தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அப்புறம், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். இந்த மூன்றாவது வகையை எல்லோரும் ‘இந்திக்காரப் பிள்ளைகள்’ என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். வீட்டில் பேசுவதைக் கேட்டால் ஒருவருக்குப் போஜ்புரி, இன்னொருவருக்கு மைதிலி, மற்றவருக்கு ஒடியா. அவர்களுக்கு இந்தியே பாதி பள்ளிக்கூட மொழிதான். அங்கே பட்டியல் சாதிப் பிரிவில் இருக்கும் குடும்பம் இங்கே வந்தால், அந்தச் சலுகை கூடவே வருவதில்லை. பதிவேட்டில் சாதிப் பிரிவுப் பத்தியைப் பார்த்து இவர்கள் வசதியானவர்கள் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம்.

தேர்ச்சி 100 சதவீதம் என்று தாளில் இருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. பார்க்க வேண்டியது அடுத்த பத்தியை: எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என எந்த நிலையில் நிற்கிறார்கள் என்பதை. 2022-இல் இந்தத் திட்டம் வந்ததிலிருந்து, வயதைப் பார்க்காமல் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்தே சொல்லிக்கொடுக்க முடிகிறது. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

அந்தப் பத்தியில் அரும்பில் நிற்கும் பெயர்களை எடுத்து, பக்கத்தில் சேர்க்கை தேதியை வைத்துப் பார்த்தோம். ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. முதல் வகுப்பிலிருந்து இடைவிடாமல் இங்கேயே படிக்கும் பிள்ளை, வீட்டில் எந்த மொழி பேசினாலும், பெரும்பாலும் மேலே வந்துவிடுகிறது. பின்தங்குவது நடுவில் வந்தவர்களும், வந்து போய் வந்தவர்களும். இதில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய், வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, வேறு பள்ளி போய், மறுபடி இங்கே வந்த பிள்ளைகள் அவர்கள். வெளிமாநிலக் குடும்பங்கள் தீபாவளி போனஸ் வாங்கியதும் சத் பூஜைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால், சிலர் பொங்கலுக்குப் பிறகுதான் திரும்புகிறார்கள். மார்ச் மாதம் ஹோலி வேறு. அரையாண்டுத் தேர்வையே பார்க்காத பிள்ளை ஆண்டுத் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணும் வகுப்புச் சராசரியில்தான் சேர்கிறது. ஆகவே ‘வெளிமாநிலப் பிள்ளைகள் வந்ததால் பள்ளித் தரம் குறைந்தது’ என்று இந்தக் கூட்டத்திலேயே முன்பு எழுந்த பேச்சை நான் ஏற்கவில்லை.

நவம்பரில் பீகாரிலிருந்து ஒரு அம்மா இரண்டு பையன்களோடு வந்தார். அவர் பேசியது எங்கள் யாருக்கும் புரியவில்லை. நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைக் கூப்பிட்டேன். “ஊசி போட்ட அட்டை ஊர்லயே விட்டுட்டாங்களாம் டீச்சர், ஆதார் மட்டும் இருக்காம்” என்றாள். பிறந்த தேதி, அப்பா பெயர், கடைசியாகப் படித்த வகுப்பு எல்லாவற்றையும் அவள் கேட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வகுப்பில் சேரும்போது அந்தச் சிறுமிக்கு ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. இன்று வகுப்பில் நன்றாக எழுதுகிறவர்களில் ஒருத்தி. ர, ற குழப்பம் இருக்கிறது. அது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அந்த இரண்டு பையன்களையும் டி.சி. (மாற்றுச் சான்று) இல்லாமலேயே சேர்த்துக்கொண்டோம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்றோ மாற்றுச் சான்றோ இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

கணக்கைப் பற்றி ஒன்று. 12-ஐ 8-ஆல் பெருக்கு என்றால் புதிதாக வந்த பிள்ளை உடனே போட்டுவிடுகிறது. ‘ஒரு பெட்டிக்கு 12 பனியன் வீதம் 8 பெட்டியில் எத்தனை?’ என்று எழுதிப் போட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. அங்கே தடுக்குவது தமிழ் வாசிப்பு. எனவே இந்த ஆண்டு கணக்குப் பாடத்தில் கேள்வியை வாய்விட்டு வாசிப்பதற்கே தனி நேரம் ஒதுக்கினோம். பலன் தெரிகிறது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் நமக்கு வந்ததிலிருந்து முதல் பாடவேளையில் மயங்கி உட்காரும் பிள்ளைகள் இல்லை. ஏழு மணிக்கே ஷிப்டுக்குக் கிளம்பும் தாய்மார்களுக்கு இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் வருகைப் பதிவேட்டில் மூன்று முதல் ஐந்து வகுப்புப் பெண் பிள்ளைகளின் பெயருக்கு நேரே விடுப்பு அதிகம். வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காவை நிறுத்திவிடுகிறார்கள். பெற்றோர்களை நான் குறை சொல்லவில்லை. வரிசையாகக் கட்டிய வாடகை லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் குழந்தையை விட இடமில்லை. இந்த ஆண்டு என்னை அதிகம் வருத்திய விஷயம் இதுதான்.

ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்து, 30 பிள்ளைக்கு ஒருவர் என்ற கணக்கில் முடிவாகிறது. நமக்குப் பிள்ளைகள் சேருவதோ தீபாவளி முடிந்தும் தொடர்கிறது. பின்னால் வந்த பிள்ளைகளையும் இருக்கிற ஆசிரியர்களே கூட்டு வகுப்பில் சமாளித்தார்கள். அவர்களுக்குக் கழகத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

வரும் ஆண்டுக்கு நான்கு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் லைன் வீடு வீடாகப் போய், ஆகஸ்ட் 1-க்குள் எல்லாப் பிள்ளைகளையும் சேர்ப்பது; இதற்கு வீட்டு உரிமையாளர்களின் உதவியைக் கேட்பது. ஊருக்குப் போகும் குடும்பம் முன்கூட்டியே பள்ளியில் சொல்லி, பயிற்சிப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போவது. லைன் வீடுகள் இருக்கும் பகுதியில் அங்கன்வாடி மையம் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுப்பது. அடுத்த கூட்டத்திலிருந்து தகவல்களை இந்தியிலும் ஒடியாவிலும் சொல்லப் பெற்றோர்களிலிருந்தே இருவரைக் கழகச் செயற்குழுவில் சேர்ப்பது.

இவற்றை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொண்டு, வரவு செலவை வாசிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.