ரெஜினாவுக்கு, தலவாக்கலையிலிருந்து

அன்புள்ள ரெஜினா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் திவசம் நல்லபடியாக முடிந்தது. பாப்பாத்தி அக்கா நோர்வூட்டிலிருந்து வந்து தங்கிப் போனாள். உன்னை விசாரித்தாள், மூன்றாம் நம்பர் குடையையும் விசாரித்தாள். நான் வாய் திறக்கவில்லை, நீ நிம்மதியாக இரு. ஸ்டீபன் அண்ணனின் முழங்காலுக்குக் கேட்ட எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். மன்னார்ப் பக்கம் யாராவது போனால் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு. போனில் நீ சிரித்துக்கொண்டே கேட்டாய்: "அணுமின் நிலையத்தில் வேலை என்றால் உலையைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். வயரையும் பெட்டியையும் பார்க்கவா இவ்வளவு படித்தாய்?" அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். போன வாரம் எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்று எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் ஒரு வரிசை முழுவதும் போய்விட்டது. பள்ளிக்கூடப் புத்தகங்கள், அடையாள அட்டைகள், ஒரு பெண்ணின் கலியாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த நகை, எல்லாம் போயிற்று. அதிலிருந்து உன் கேள்வி என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீளமாக எழுதப் போகிறேன். பௌதிகவியல் ஆசிரியை நீ, படித்தே ஆக வேண்டும்.

முதலில் அந்த வயரும் பெட்டியும். உலையை மூடி நிற்கும் தடித்த கொங்கிரீட் கட்டடத்துக்குள் வால்வுகள், அழுத்தமானிகள், நீர்மட்டம் காட்டும் கருவிகள், அவற்றை வெளியுலகோடு இணைக்கும் கேபிள்கள் என்று ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் உண்மையான வேலை, வரவே கூடாத ஒரு நாளுக்கானது. பிரதான குழாய் ஒன்று உடைந்தது என்று வைத்துக்கொள். உயர் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் அந்தக் கணமே நீராவியாகி நிரம்பும். வெப்பம் 150 பாகையைத் தொடும், காற்றழுத்தம் பல மடங்காகும், கூரையிலிருந்து போரிக் அமிலம் கலந்த நீர் மழையாகக் கொட்டும், கதிர்வீச்சு ஏறும். மனிதர் எவரும் உள்ளே போக முடியாது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கருவிகள்தான் கண். அந்த நேரத்தில் அவை உண்மையைச் சொல்ல வேண்டும்.

சொல்லும் என்று எப்படி நிரூபிப்பது? இதில்தான் நான் மயங்கிப்போன இடம் இருக்கிறது. புதுக் கருவியை எடுத்து நீராவியில் வைத்துப் பார்த்தால் போதாது. விபத்து புதுக் கருவிக்கு வரும் என்று யார் சொன்னது? நாற்பது வருடம் வெப்பத்தில் கிடந்து கிழடான பிறகு வரலாம். ஆகவே முதலில் கருவிக்கு வயதேற்றுகிறார்கள். உயர்தர வகுப்பில் நமக்குப் பாடமாக்க வைத்த அரேனியசின் சமன்பாடு நினைவிருக்கிறதா? 1889இல் அவர் எழுதியது. வெப்பம் கூடினால் தாக்க வேகம் கூடும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, கருவியைச் சூளையில் வாரக்கணக்கில் வாட்டி, பல பத்து வருட முதுமையைக் கொண்டுவருகிறார்கள். பிறகு கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளின் காமாக் கதிரில் காய வைக்கிறார்கள். நிலநடுக்க மேசையில் உலுக்குகிறார்கள். அதே கருவியை, அப்படி நைந்துபோனதை, கடைசியாக நீராவி அறைக்குள் வைத்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இப்போது வேலை செய் என்கிறார்கள். அதில் தேறினால்தான் தகுதி. அமெரிக்காவில் 1983இல் இதை விதியாகவே எழுதிவைத்தார்கள். 1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்துக்குப் பின் கட்டடத்துக்குள் இருந்த நீர்மட்டக் கருவிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போனதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

பரிசோதகரான என் வேலை இதற்குப் பிறகு வருகிறது. தேறியது ஆய்வுகூடத்தில் இருந்த கருவி. சுவரில் மாட்டியிருப்பது அதுவேதானா? அதே கேபிளா, அதே றப்பர் வளையமா, அதே திருகு, அதே இறுக்கமா? கோப்பு ஒரு கையிலும் டோர்ச் மறு கையிலுமாக, பாதுகாப்பு உடுப்புக்குள் வியர்த்து வழிய, பெட்டி பெட்டியாகப் பார்க்க வேண்டும்.

போன நிறுத்தக் காலத்தில், எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தியிருந்தபோது, ஓர் இணைப்புப் பெட்டியைப் பார்த்தேன். சோதனை அறிக்கையில் இருந்த பெட்டிக்கு அடியில் ஒரு சிறு துளை உண்டு. நீராவி குளிர்ந்து நீரானால் அதன் வழியாக வடிந்து போகும். இந்தப் பெட்டியின் அடியில் விரலால் தடவினேன், துளை தட்டுப்படவில்லை. சுவருக்கு வர்ணம் பூசியவர்கள் பெட்டிக்கும் பூசியிருந்தார்கள். துளை சாம்பல் நிறப் பூச்சுக்கு அடியில் இருந்தது. வர்ணந்தானே என்றுதான் எவருக்கும் தோன்றும். யோசித்துப் பார்: உள்ளே நீர் தேங்கினால் முனைகளுக்கு இடையே மின் கசியும். அந்தப் பெட்டி வழியாக இணையும் நீர்மட்டமானி, தான் அளந்ததை 4 முதல் 20 மில்லி அம்பியர் மின்னோட்டமாகச் சொல்கிறது. ஒரேயொரு மில்லி அம்பியர் கசிந்து சேர்ந்தாலும் இல்லாத நீர் இருப்பதாகக் காட்டும். ஃபுகுஷிமாவில் 2011 மார்ச்சில் முதலாவது உலையின் நீர்மட்டமானி அப்படித்தான், காரணம் வேறாக இருந்தாலும், இருந்ததற்கு மேலாகக் காட்டியது. ஊமைக் கருவியை யாரும் நம்ப மாட்டார்கள். பொய் சொல்லும் கருவியை நம்புவார்கள்.

அதை அன்றே சரிசெய்தார்கள். சண்டை வந்தது மற்றதில். ஒரு வால்வுக்குள் இருக்கும் மின்காந்தச் சுருள், வருடக்கணக்கில் மின் ஓடிக்கொண்டே இருப்பது. தன் சூட்டிலேயே தான் வேகும். பக்கத்துக் குழாயின் வெப்பக் காப்பை யாரோ கழற்றியவர் திரும்பப் போடவில்லை. அந்த மூலையில் வெப்பம் கோப்பில் எழுதியிருந்ததைவிடப் பத்துப் பாகை கூட இருந்தது. பத்துப் பாகை ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. கோப்பின்படி இன்னும் பல வருடம் தாங்க வேண்டியது, என் கணக்கில் ஏற்கெனவே காலாவதி. பொறுப்பாளர் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். டிக் என்று வேலை செய்தது. "பார், நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். இன்றைக்கு நன்றாக இருக்கிறது, நான் கேட்பது அந்த நாளைப் பற்றி என்றேன். நிலையத்தைத் திறக்க வேண்டிய திகதி நெருங்குகிறது, நான் கையெழுத்திட மறுக்கிறேன். கூட்டத்துக்கு மேல் கூட்டம். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். நான் அசையவில்லை. கடைசியில் மாற்றினார்கள். கழற்றியதைத் திறந்தபோது உள்ளே இருந்த றப்பர் வளையத்தைக் கையுறைக்குள் வைத்து மெல்ல வளைத்தேன். வட்டமாக இருக்க வேண்டியது தட்டையாகிக் கிடந்தது. பாதி வளைவதற்குள் ஒடிந்தது. பொறுப்பாளர் அந்தத் துண்டுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் என்னோடு வாதிடவில்லை.

மன்னாரில் கடற்கரையில் நின்று, அப்பால் கூடங்குளம் இருக்கிறதே என்று நீ கவலைப்பட்டாயே, உனக்கும் இதுதான் என் பதில். ஆயிரம் மெகாவாற் உலை என்று வெளியிலிருந்து பார்த்துப் பயப்படுவதைவிட, உள்ளே இருக்கும் கேபிளுக்கு என்ன வயது, கடைசியாக யார் திறந்து பார்த்தார்கள், அறிக்கையை மக்கள் பார்க்கலாமா என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த நாட்டு நிலையமானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

இப்போது லயத்துக்கு வருகிறேன்.

எரிந்ததற்குக் காரணம் மின்னொழுக்கு என்று எழுதி முடித்துவிட்டார்கள். எங்கே ஒழுகியது, ஏன் ஒழுகியது, பக்கத்து லயத்திலும் அதே வயர்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஆறவில்லை. மறுநாள் காலையில் சவரி மாமா குடியிருக்கும் லயக் காம்பராவுக்குப் போனேன். வாசல் இஸ்தோப்பில் ஏணியைப் போட்டு ஏறிப் பார்த்தேன். தகரக் கூரைக்கு அடியில், அடுப்புக்கு நேர் மேலே வயர் ஓடுகிறது. விறகுப் புகை படிந்து எது சிவப்பு எது கறுப்பு என்று தெரியவில்லை. தொட்டபோது மேலுறை வெடித்து உதிர்ந்தது. பீ.வி.சி. உறை 70 பாகைக்கு மேல் நாள்கணக்கில் தாங்காது. சூட்டில் அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் போய்விடும், பிறகு இறுகி வெடிக்கும். ஒரு மின்குமிழுக்கும் ஒரு வானொலிக்கும் என்று போட்ட வயர் அது. இன்று அதிலேயே தண்ணீர் சுட வைக்கும் கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி, தொலைக்காட்சி, பக்கத்துக் காம்பராவுக்கு இழுத்த கிளை எல்லாம் தொங்குகின்றன. இணைப்பு இருக்கும் இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. மாமா கீழே நின்று, "நல்லாத்தான் எரியுது புள்ள" என்றார். பொறுப்பாளர் சொன்ன அதே பதில், ரெஜினா. நான் ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ட்ரிப் சுவிட்ச் போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது 30 மில்லி அம்பியர் நிலத்துக்குக் கசிந்தால் விழும். உயிரைக் காக்கும், கட்டாயம் வேண்டும். ஆனால் தளர்ந்த இணைப்பு ஒன்று மெல்லச் சூடேறிக் கனன்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. பியூசுக்கும் தெரியாது. திறந்து பார்க்கும் மனிதருக்குத்தான் தெரியும். அலபாமாவில் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் 1975 மார்ச்சில், காற்று எங்கே கசிகிறது என்று மெழுகுதிரிச் சுடரைப் பிடித்துப் பார்த்தபோது அடைப்பு நுரை பற்றிக்கொண்டது. ஏறக்குறைய 1600 கேபிள்கள் சேதமாயின. அதன் பிறகு அமெரிக்காவில் அணுமின் நிலையங்களின் தீப்பாதுகாப்பு விதிகளைத் திருத்தி எழுதினார்கள். நம் லயங்கள் எரிந்து எந்த விதி மாறியது?

1950இல் நம் மலைநாட்டு லக்சபானையில் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். 2012இலிருந்து மேல் கொத்மலை நீர்மின் நிலையம் நம் தலவாக்கலைத் தண்ணீரில் 150 மெகாவாற் எடுக்கிறது. ஆனால் நீயும் நானும் சாதாரண தரத்துக்குக் குப்பி லாம்பில்தான் படித்தோம். கடைசியாக வந்த மின்சாரமாவது நம் பிள்ளைகளின் கூரையை எரிக்காமல் இருக்க வேண்டாமா?

ஆகவே ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். கொப்பி ஒன்றில் லயத்துக்கு ஒரு பக்கம்: எந்த வருடம் வயர் போட்டது, என்ன வயர், எத்தனை காம்பராவுக்குப் போகிறது, அடுப்புக்கு மேலே போகிறதா, இணைப்புகள் எங்கே, கடைசியாகப் பார்த்தது யார். கிளாக்கர் அண்ணனின் மகன் ஹட்டனில் மின் வேலை படித்தவன். காப்புத் தடை, அதாவது வயரின் உறை மின் கசிவை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவி அவனிடம் இருக்கிறது. 500 வோல்ட்டில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லயங்களைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். நேற்று மேல்வரிசை முடிந்தது. சிவப்பு அதிகம். ஆபத்தான கிளைகளை ஆட்களின் சம்மதத்தோடு கழற்றி வைத்தோம். ஒரு பாட்டி கேத்தலுக்காகக் கோபித்துக்கொண்டார், பிறகு சமாதானமானார்.

உன்னிடம் கேட்பது இரண்டு. தோட்ட நிர்வாகத்துக்கும் மின்சார சபைக்கும் எழுதிய கடிதத்தின் வரைவு இத்துடன் இருக்கிறது. நம் வகுப்பில் சிங்களம் உன் அளவுக்கு யாருக்கும் வராது. கெஞ்சுகிற தொனி வேண்டாம், கோபமும் வேண்டாம். லயத்தின் எண், அளவீடு, செய்ய வேண்டியது, அவ்வளவு போதும். மாத முடிவில் நான் திரும்பிப் போக வேண்டும், அதற்கு முன் கிடைத்தால் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மற்றது, பள்ளி விடுமுறைக்கு இங்கே வா. கொப்பியை எழுதப் பிள்ளைகள் ஆர்வமாக வருகிறார்கள். ஓமின் விதி ஏன் தங்கள் கூரைக்கு மேலே இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல உன்னைப் போல் ஓர் ஆசிரியை வேண்டும். சவரி மாமா வீட்டில் தேங்காய் ரொட்டிக்கும் கட்டைச் சம்பலுக்கும் நான் பொறுப்பு.

அன்புடன்,
யோகா