கடற்சிங்கக் குட்டியும் நம் தோப்புக் கிணறும்

பாப்பா,

ஆஸ்திரேலியக் கடலுக்குள் முங்கி நீ எடுத்து அனுப்பிய ஏழு கடற்சிங்கப் படங்களும் வந்து சேர்ந்தன. அண்ணன் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டினான். நான்காவது படத்தை மட்டும் டவுன் ஹால் ரோட்டில் ஒரு லேபில் கொடுத்து, 12க்கு 18 அளவில் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தேன். கூடத்தில் தாத்தா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். அம்மா முதலில் தூரத்தில் நின்று, "நாய்க்குட்டி மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இது நம்ம பாப்பாவைத்தான பாக்குது" என்றாள். அன்றைக்கு முழுவதும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று நின்று பார்த்தாள்.

போனில் பேசினால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு முடிந்துவிடுகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருபது வருஷமாக என் மனதில் கிடக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது எனக்குச் சுலபம்.

கடற்சிங்கத்துக்கு முதுகு சாம்பல் வெள்ளி, வயிறு வெண்ணெய் நிறம் என்று எழுதியிருந்தாய். இரண்டாவது படத்தில் வயிறு பச்சையாக இருக்கிறது. ஃப்ளாஷ் அதுவரை எட்டவில்லை என்று நினைக்கிறேன். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் பெரும்பகுதி போய்விடும் என்று நீதானே சொன்னாய். நான் முப்பது வருஷம் டார்க் ரூமில் சிவப்பு பல்பின் கீழேதான் நின்றிருக்கிறேன். எந்த வெளிச்சம் பட்டாலும் கெட்டுப்போகிற பிரிண்ட் பேப்பர் அந்தச் சிவப்புக்கு மட்டும் அசையாது. எனக்கு எப்போதும் துணையாக இருந்த அந்த நிறம், நீ போகிற இடத்தில் முதல் ஆளாகக் காணாமல் போகிறது. நீ அதைச் சொன்ன அன்று ராத்திரி வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நீங்கள் எல்லாரும் அகலமான லென்ஸ் போட்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படம் எடுக்கிறீர்கள் என்பதும் இப்போது புரிகிறது. நடுவில் தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிறம் மிஞ்சும்.

ஐந்தாவது படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்கிறது. அதற்கு நீ வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். எனக்கு அதைப் பார்த்ததும் அழகர் ஆற்றில் இறங்குவதை முதல் முறை படம் எடுத்தது ஞாபகம் வந்தது. துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள் அல்லவா, கேமராவோடு ஒட்டி இருந்த ஃப்ளாஷை அடித்தேன். சாமியும் தெரியவில்லை, குதிரையும் தெரியவில்லை, பிலிம் முழுக்க வெள்ளைத் துளிகள்தான். அடுத்த வருஷம் ஃப்ளாஷைக் கழற்றி, பையனிடம் கொடுத்து நாலடி தள்ளிப் பக்கவாட்டில் நிற்க வைத்தேன். படம் சுத்தமாக வந்தது. கடலுக்குள் மிதக்கிற தூசும் அந்தத் துளி மாதிரிதான். உன் கேமராவில் ஃப்ளாஷைத் தாங்குகிற கைகளை இன்னும் அகலமாக விரித்து வை. வெளிச்சம் லென்ஸுக்கு நேர் முன்னால் இருக்கிற தண்ணீரில் படாமல் ஓரமாகப் போய்க் குட்டி மேல் விழட்டும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இதற்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் பார். 1926-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம் டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில் லாங்லி, மார்ட்டின் என்று இரண்டு பேர் கடலுக்குள் முதல் கலர் படம் எடுத்தார்கள். வெளிச்சத்துக்காகத் தண்ணீர் மேல் தெப்பம் மிதக்கவிட்டு, அதில் மெக்னீசியப் பொடியைக் கொளுத்தினார்களாம். தெப்பம் என்றால் நமக்கு வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தை மாதம் அம்மனும் சுவாமியும் சுற்றி வருவதுதான். இப்படி ஒரு தெப்பத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சரி, நான்காவது படம். அந்தக் குட்டியின் கண்ணுக்குள் உன் கேமராவின் கண்ணாடிக் குமிழ் தெரிகிறது, அதற்குப் பின்னால் சின்னதாக நீயும் தெரிகிறாய். அதை எடுப்பதற்கு முன் இருபது நிமிஷம் மணலில் முழங்கால் போட்டு அசையாமல் இருந்தேன் என்று எழுதியிருந்தாய். குட்டி இரண்டு முறை தலைக்கு மேல் சுற்றிப் போனது, மூன்றாம் முறை வந்து உன் கால் துடுப்பைக் கடித்துப் பார்த்தது, அப்புறம்தான் முகத்துக்கு நேரே வந்தது என்றாய். இது உனக்கு எங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். காதுகுத்துக்கு மொட்டை போட்ட பிள்ளைகளை ஸ்டூடியோவுக்குத் தூக்கி வருவார்கள். அழுது தீர்த்துவிட்டு வரும். கிலுகிலுப்பையை ஆட்டினால் இன்னும் அழும். நான் தரையில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையைப் பார்க்காமல், ஸ்டாண்டின் திருகைத் திருகிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அதுவே தவழ்ந்து வந்து திருகைப் பிடிக்கும். நீ அப்போது ஸ்டூல் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

உனக்கு ஐந்து வயதில் சோழவந்தான் தோப்புக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கியது நான்தான். ஏழு வயதில் குடுக்கையைக் கழற்றிப் போட்டாய். பத்து வயதில் உள்நீச்சலில் கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்த் திரும்புவாய். அண்ணன் பாதியில் மேலே வந்துவிடுவான். நான் மோட்டார் ரூம் திண்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன். கண்ணைத் திறந்துகொண்டே முங்குவாய். உள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்டால், "வெளிச்சம் கயிறு மாதிரி தொங்குதுப்பா" என்பாய். படமெடுக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

2004 சித்திரையில் உனக்குச் சடங்கு செய்தோம். அதற்கு அடுத்த வாரம் நீ பழைய பாவாடையை எடுத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினாய். வாசலில் நின்று "இனிமே கிணத்துக்குப் போகக்கூடாது" என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாய். "பெரிய பிள்ளையாயிட்ட" என்றேன். ஊரில் நாலு பேர் பேசுவார்கள் என்று எனக்குப் பயம். அம்மா சொல்லவில்லை, பாட்டி சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். நீ அழவில்லை. பாவாடையை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாய். அதற்கப்புறம் அண்ணன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வரும்போதெல்லாம் நீ எழுந்து வேறு அறைக்குப் போவாய். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க ராமேஸ்வரம் போனேன். விடியற்காலையில் பாம்பன் பக்கம் கரையில் நின்றபோது பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்தேன். சேலைக்கு மேல் சட்டை, கண்ணில் நீச்சல் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, துடுப்புக்குப் பதில் காலில் கட்டிய அலுமினியத் தட்டு. மூச்சை அடக்கி இறங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறார்கள். பேரன் பேத்தி எடுத்த பெண்களும் அதில் இருந்தார்கள். நான் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். ஒரு படம்கூட எடுக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நீ கேட்பாய் என்று தெரியும்.

இருபத்தொன்பது வயதில் அடிலெய்டில் ஒரு நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளோடு நின்று மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். பதினாறு வருஷம் பாப்பா. அதை உன்னிடமிருந்து எடுத்தவன் நான். மன்னித்துவிடு என்று எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கடற்சிங்கத் தாய்களைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். ஆஸ்திரேலியக் கடற்சிங்கம் பதினேழு பதினெட்டு மாதத்துக்கு ஒரு முறைதான் குட்டி போடும், அடுத்த குட்டி வரும் வரைக்கும்கூடப் பால் கொடுக்கும். தாய் இரை தேடிப் போய் ஓரிரு நாள் கழித்துக் கரைக்கு வந்து கூப்பிட்டால், அத்தனை குட்டிகளுக்கு நடுவில் தன் குட்டியின் குரலைக் கண்டுபிடிக்கும், மோந்து பார்த்து உறுதி செய்துகொள்ளும். குட்டிகள் பாறைக் குட்டைகளிலும் ஆழமில்லாத இடத்திலும் விளையாடிப் பழகிவிட்டு மெல்லக் கடலுக்குப் போகின்றன. ஆணானாலும் பெண்ணானாலும் எந்தத் தாயும் குட்டியைப் பாதியில் தண்ணீரைவிட்டுக் கரையேற்றி உட்கார வைப்பதில்லை.

உலகத்திலேயே இந்த இனம் சுமார் 10,000 முதல் 12,000 வரைதான் மிஞ்சியிருக்கிறது, அதிலும் பெரும்பகுதி நீ இருக்கிற தெற்கு ஆஸ்திரேலியாவில்தான் என்பதைப் படித்தபோது அம்மா "அடப் பாவமே" என்றாள். அந்தக் காலத்தில் தோலுக்கும் எண்ணெய்க்கும் அடித்துக் கொன்றிருக்கிறார்கள். இப்போது சுறாவுக்குப் போடுகிற வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாகின்றன. சிங்கி இறால் கூண்டுக்குள் குட்டி தலையை விட்டு மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கூண்டின் நடுவில் ஒரு கம்பி நிறுத்துகிறார்கள் என்றாயே, அதை நம் பக்கத்து மீனவர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். உன் படங்களை அங்கே எங்காவது பள்ளிக்கூடத்தில் காட்ட முடிந்தால் காட்டு.

அப்புறம், பயம். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நெப்டியூன் தீவுகள் பக்கம் வெள்ளைச் சுறா பார்க்கக் கூண்டில் ஆட்களை இறக்குகிறார்கள் என்றால், அந்தச் சுறாவுக்கு இந்தக் கடற்சிங்கங்களும் இரைதானே. குட்டிகள் எல்லாம் திடீரென்று விளையாட்டை விட்டுக் கரைப் பக்கம் ஓடினால் நீயும் கேமராவைப் பார்க்காமல் படகுக்கு வந்துவிடு. பெரிய ஆண் கடற்சிங்கம் ஒன்று குமிழி விட்டுக்கொண்டு, குரைத்துக்கொண்டு எதிரே வந்தால் அது "இது என் இடம்" என்று சொல்கிறது. அதற்கும் குட்டிகளுக்கும் நடுவில் நிற்காதே. தனியாக இறங்காதே. நாளுக்கு இரண்டு மூன்று முறை முங்கிவிட்டு விமானம் ஏறுவதாக இருந்தால், நடுவில் 18 மணி நேரமாவது இருக்கட்டும்.

முக்கியமாக ஒன்று. கிணற்றில் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது "மூச்சை அடக்கு, மேலே வரும்வரை விடாதே" என்பது. சிலிண்டர் மாட்டியிருக்கும்போது அதை அடியோடு மறந்துவிடு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வர வர இரண்டு மடங்காக விரியும், அடக்கி வைத்தால் நுரையீரலைக் கிழித்துவிடும். உனக்கு இது தெரியும், பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். ஆனால் பழக்கத்தை உன் உடம்பில் ஏற்றியவன் நான், அதனால் இறக்கிவைப்பதையும் நானே சொல்கிறேன்.

அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு முடிந்தது. போன மாசி மாதம் பெரியவளானாள். சடங்கு முடிந்த மறுவாரம் நானே அவளைத் தோப்புக்குக் கூட்டிப் போனேன். கிணற்றில் தூர் எடுத்துப் பாசியெல்லாம் வழித்துப் போட்டிருக்கிறேன், தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அடுத்த தோப்புக்காரர் வரப்பில் நின்று ஏதோ சொன்னார். நான் பதில் சொல்லவில்லை, திண்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் பாதிச் சுவர் வரைக்கும்தான் போகிறாள். கண்ணைத் திறக்கச் சொன்னால் எரிகிறது என்கிறாள்.

நீ தை மாதம் வரும்போது அவளுக்கு ஒரு கண்ணாடி வாங்கி வா. மூக்கையும் சேர்த்து மூடுகிற மாதிரி, நீ போடுவது போல. முகம் சின்னது, சின்னப் பிள்ளைகள் அளவு பார்த்து வாங்கு. உன்னுடையதையும் எடுத்து வா.

அப்பா
மதுரை