செங்காந்தள் நடுவோர் கவனத்திற்கு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடிப் பட்டத்தில் வேலியோரம் செங்காந்தள் நட விரும்புவோர்க்காக இதை எழுதுகிறேன். நம் மாநில மலரான இக்கொடி, கோடையில் மண்ணுக்குள் கிழங்காக உறங்கி, மழை கண்டதும் துளிர்த்து, ஐப்பசி, கார்த்திகையிலும் பூத்து நின்று தேன்சிட்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வரவழைக்கும். பச்சை கலந்து விரியும் இதழ்கள் மஞ்சளாகிச் சில நாட்களில் முழுச்சிவப்பாவதையும், அடியிலுள்ள தேனை உறிஞ்சும் வண்ணத்துப்பூச்சியின் இறக்கையில், சுற்றிலும் நீண்டிருக்கும் 6 மகரந்தத்தாள்களின் தூள் ஒட்டிக்கொள்வதையும் அருகிலிருந்து பார்ப்பது பெரும் மகிழ்ச்சி.

கலப்பை போல் வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது என்பதால், அது ஒடியாமல் படுக்கைவாட்டில் வைத்து மூடுங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருள்வதால், மெல்லிய குச்சிகளோ முள்வேலியோ போதும். இலை தின்னும் புழுக்களைக் கையால் எடுத்துவிடுங்கள். பூக்கும் காலத்தில் மருந்து தெளித்தால், நாம் யாருக்காக வளர்க்கிறோமோ அவற்றையே கொன்றுவிடுவோம்.

மிக முக்கியமாக, செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், உயிரைப் பறிக்கும் கொல்சிசின் நஞ்சு கொண்டவை. சிறு குழந்தைகளோ ஆடுமாடுகளோ உள்ள வீட்டினர் இதைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் கையுறை அணிந்தே நடவேண்டும்; கிழங்கைச் சமையலறையில் வைக்கவே கூடாது.

காட்டில் தோண்டாமல், நாற்றங்காலில் வாங்கியே நட வேண்டுகிறேன். கிழங்கு தேவைப்படுவோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே தெரிவிக்கவும்.